ஆங்கில உரையாடலும் சொல் மரபும்

ஸமவசரணத்தில் எழுந்த பகவானின் திவ்யத்வனி 18 பெருமொழிகளாகவும் 700 சிறுமொழிகளாகவும் அமைந்து, கேட்போர்க்கெல்லாம் அவரவர் மொழியிலேயே விளங்கிற்று என்பது நம் மரபு. அப்பேறு நமக்கில்லை. பிறர் மொழியை நாம் பயின்றே பேசியாக வேண்டும்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளிலுள்ள நம் ஊர்களிலிருந்து தொழில் நாடிச் சென்னையின் சுற்றுப்புறங்களில் குடியேறியோர் பலர். அங்கே, திருவள்ளூரில் அமெரிக்க நிறுவனமான கேட்டர்பில்லரும், கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்க்கண்டிகையில் பிரெஞ்சு நிறுவனமான மிஷலினும் ஆலை நடத்துகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் ஆலைகள் பல. இத்தகைய இடங்களில் பணிபுரிவோர் அயல்நாட்டாருடன் நேரிலோ தொலைபேசியிலோ உரையாட நேர்கிறது. ஆங்கிலத்தில் பட்டப்படிப்பு முடித்தவரும் அப்போது தடுமாறுவதுண்டு.

இதற்குக் காரணம் இலக்கண அறிவின் குறைவன்று. எப்பொருளை எச்சொல்லால் சான்றோர் வழங்கினரோ அவ்வாறே வழங்குவது மரபு என்று நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் விளக்கினார். அவ்விளக்கம் ஆங்கிலத்திற்கும் பொருந்தும். தமிழில் எண்ணிச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இலக்கணம் பிழையாதிருப்பினும் மரபு பிழைபடும்.

1. 'எஸ்' என்னும் சொல்

பிறர் பேசுகையில் 'உம்', 'சரி, சரி' என்பது நம் வழக்கம். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே அதன் பொருள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 'எஸ்' என்பதை 'விளங்கியது, உடன்படுகிறேன்' என்றே பெரும்பாலும் கொள்வர். இயந்திரத்தை நிறுத்துமாறு ஒருவர் கூற, அது விளங்காமலே நாம் 'எஸ்' என்றால் விளைவு என்னாகும்? கையிழப்பும் நேரலாம். விளங்காததை விளங்கியதாகக் காட்டுவது சத்திய அணுவிரதத்திற்கும் இழுக்கு. ஆதலின் கூச்சமின்றிக் கூற வேண்டிய தொடர்கள் இவை:

'ஸாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்' — தாங்கள் கூறியது காதில் சரியாக விழவில்லை.
'குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?' — மீண்டும் ஒருமுறை கூறுவீர்களா?
'லெட் மீ ஸே தட் பேக் டு யூ' — தாங்கள் கூறியதைத் திருப்பிச் சொல்கிறேன். சரிதானா என்று பாருங்கள்.

மூன்றாவது தொடரைப் பணியிடத்தில் தவறாது வழங்குக.

2. வேண்டுதல்

'தாருங்கள்' என்னும் தமிழ் ஏவலில் 'உங்கள்' என்னும் விகுதியே மரியாதையைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அத்தகைய விகுதியில்லை. 'கிவ் மீ' என்பது கட்டளையாகவே ஒலிக்கும். 'குட் ஐ ஹேவ்' எனத் தொடங்கின் பணிவு தோன்றும். 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' என்று ஒருவர் வினவினால், 'காத்திருப்பதில் தங்களுக்குத் தடையுண்டோ?' என்பது பொருள். உடன்படுவோர் 'நாட் அட் ஆல்' எனல் வேண்டும். 'எஸ்' என்பது மறுப்பாகிவிடக்கூடும்.

3. உணவை மறுத்தல்

அயல்நாட்டார் அளிக்கும் விருந்தில் நம்மவர் வாய்மூடி அமர்ந்திருப்பதுண்டு. 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல் போதாது. முட்டை உண்போரும் தம்மை அவ்வாறே கூறிக்கொள்வர். ஆதலின்,

'ஐ டோன்ட் ஈட் மீட், ஃபிஷ் ஆர் எக்ஸ்' — இறைச்சி, மீன், முட்டை உண்பதில்லை.
'இஸ் தேர் எனி எக் இன் திஸ்?' — இதில் முட்டை கலந்துள்ளதா?
'ஐ டோன்ட் ஈட் ஆஃப்டர் ஸன்செட், பட் ஐ'ட் லவ் டு ஜாயின் யூ' — இருட்டியபின் உண்பதில்லை; ஆயினும் மகிழ்வுடன் உடன் அமர்வேன்.

கடைசித் தொடரில் விரதமும் காக்கப்படுகிறது, நட்பும் காக்கப்படுகிறது. உடல்நலமில்லை என்று பொய்க்காரணம் கூறத் தேவையில்லை.

4. தகுதி வழக்கு

மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என நன்னூல் கூறும் மூன்றும் ஆங்கிலத்திலும் உண்டு. இறந்தாரை 'பாஸ்டு அவே' என்பது மங்கலம். கழிவறையை அமெரிக்கர் 'ரெஸ்ட்ரூம்' என்பது இடக்கரடக்கல். இயந்திரம் ஓடாது நிற்கும் நேரத்தை ஆலையில் 'டவுன்டைம்' என்பது குழூஉக்குறி. நம் நூலறிவே இங்குத் துணையாதல் காண்க.

5. நம் நாட்டு ஆங்கிலம்

'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் ஐயம் கேட்கிறோம். அயலார்க்கு அது அவர் கூற்றை நம்பாமை போல் ஒலிக்கும். 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன்' என்பதே தக்கது. 'பாஸ்டு அவுட்' என்றால் படிப்பை முடித்தார் என்று நாம் கொள்வோம். அவர் மயங்கி விழுந்தார் எனக் கொள்வார். 'கிராஜுவேட்டட்' எனலாம். இவை நம்மவரிடையே குற்றமல்ல. அயலாரிடம் மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர் போன்றோர்க்கும் ஆங்கிலம் கற்ற மொழியே. அவர்களிடம் எளிய சொற்களை நிறுத்திக் கூறினால் போதும்.

பயிற்சி

நாள்தோறும் ஒரு தொடரைத் தேர்க. காலையில் பத்துமுறை உரக்கக் கூறுக. மாலையில் வீட்டில் ஒருவர் அயலாராக நடிக்க, மற்றவர் விடையளிக்க. பிள்ளைகள் பிழை செய்யின் நகையாடற்க. நகைப்புக்கு அஞ்சியே பலர் வாய் திறவாதிருக்கின்றனர்.

இதம், மிதம், பிரியம் ஆகிய மூன்றும் அமைந்த சொல்லே நற்சொல் என்பர் நம் பெரியோர். நன்மை தருவதை, அளவோடு, இனிமையாகக் கூறுதல் எம்மொழிக்கும் பொது. அதனை ஆங்கிலத்திலும் பயில்வோமாக.

வளர்க ஜினதர்மம்!