பல்லில் கறை: யார் மேல் பழி?



என் தம்பி சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வான். முன்பல்லில் பழுப்புக் கறை. "ஒழுங்கா பல்லு விளக்கறதில்ல" என்பார் பாட்டி. பக்கத்து வீட்டு மாமா, "சிப்காட் வர்றதுக்கு முன்னாடி இப்படி இருந்துச்சா? எல்லாம் ஃபேக்டரியாலதான்" என்பார். தாத்தாவோ, "அதே போர் தண்ணியத்தான் நானும் குடிச்சேன். என் பல்லைப் பாரு!" என்று சிரிப்பார். மூவரில் யார் சொல்வது சரி? புள்ளியியல் பாடத்தை இங்கே போட்டுப் பார்ப்போம்.

முதலில் மாமா. ஓசூரில் சிப்காட் வந்தது 1970-களில். அதன் பிறகுதான் ஊர் ஊராக போர்வெல்லும் பெருகியது. இரண்டு விஷயம் சேர்ந்தே வளர்ந்தால் அது ஒட்டுறவு. அதனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் 1937-லேயே இந்த நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே ஏது சிப்காட்? (ஃபேக்டரி தண்ணீரைக் கெடுக்கவே கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. அது வேறு கணக்கு.) நம் மாவட்டத்துக் கருங்கல் பாறையிலேயே ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் நாள்பட்டுத் தங்கும் தண்ணீரில் அது கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அடுத்து தாத்தா. ஒருவர் கதையை வைத்து ஊர்க் கணக்குப் போட முடியாது. அதுவும் போக, இந்தக் கறை பிடிப்பது பல்லின் எனாமல் உருவாகும் காலத்தில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள். எங்கள் ஊரில் போர் போட்டபோது தாத்தாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது! அவர் பல் சாட்சி சொல்வது பழைய கிணற்றுத் தண்ணீருக்கு. (எலும்பு விஷயம் அப்படியல்ல. பல வருடம் குடித்தால் பெரியவர்களையும் பாதிக்கும்.)

பாட்டிக்குப் பதில் அமெரிக்காவில் இருக்கிறது. 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வந்த பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் இதே கறையைப் பார்த்தார். பன்றிக்கறி, மட்டமான பால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவருக்குத் தண்ணீர் மேல் சந்தேகம். 1923-ல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி ஊரில், புதுக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். மாறினார்கள். சில வருடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு முளைத்த புதுப் பற்கள் சுத்தமாக இருந்தன! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, மாற்றிப் பார்த்தார். அது ஃபுளோரைடு என்று தெரிந்ததோ 1931-ல்தான்.

நமக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. அப்படியானால் ஓசூரில் யாருக்கும் கறை இருக்கக் கூடாதே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல். வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் நாம். நாங்களே வந்து மூன்று வருடம்தான். தம்பியின் பல்லில் இருப்பது ஊர் போர் தண்ணீர், ஓசூர் தண்ணீர் அல்ல.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தச் சுவரின் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. எட்டு வயது வரை எந்த ஊர், என்ன தண்ணீர், பல்லில் கறை உண்டா இல்லையா, இவ்வளவும் ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம். கறை இல்லாதவர்கள் கட்டாயம் போடவும்! கறை உள்ளவர்கள் சீட்டு மட்டும் வந்தால் எதோடு ஒப்பிடுவது?

முதல் சீட்டு விழுந்துவிட்டது. என் தம்பியுடையது.

– ப்ளஸ் ஒன் மாணவி