ஓதச் சுவரும் மல்லாட்டை மூட்டையும்

மழைக்காலத்தில் நம்ம வீட்டுச் சுவரின் அடியில் கறுப்பு கறுப்பாகப் புள்ளி வரும். அதுதான் பூசணம். அறிவியல் பாடத்தில் பூஞ்சை என்று படிக்கிறோமே, அதே உயிர்தான். அதன் ஸ்போர்கள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் எப்போதும் இருக்கும். ஈரம் கிடைத்த இடத்தில் முளைத்துவிடும். வெள்ளையாக மாவு மாதிரி உதிர்வது பூசணம் இல்லை, அது உப்பு. தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஓதம்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரை ஒரே நாளில் மயிலத்தில் 51 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை. நம்ம பெரிய ஸ்கேலை நிறுத்தி, அது மேல் சின்ன ஸ்கேலை வைத்தால்கூட 51 வராது! அரசு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. எங்க தெருவில் சிலர் அதில் பெயிண்ட் வாங்கி, சுவர் காயும் முன்னாடியே அடித்துவிட்டார்கள். சித்திரைக்குள் பெயிண்ட் உரிந்து கறுப்பு மறுபடி வந்துவிட்டது. பெயிண்ட் காசும் போச்சு, ஆள் கூலியும் போச்சு. ஓட்டை அடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நல்லா காயவிட்ட பிறகுதான் அடிக்கணும். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வீசிங் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

சுவரைவிடப் பெரிய நஷ்டம் அதில் சாய்த்து வைத்த மல்லாட்டை மூட்டை. (டி.எம்.வி. 7 என்று ஒரு மல்லாட்டை ரகம் உண்டு. அந்த டி.எம்.வி. நம்ம திண்டிவனம்தான்!) எங்க வீட்டில் மார்கழிப் பட்டத்துக்கு விதைக்காக ஒரு மூட்டை எடுத்து வைத்திருந்தோம். புயலுக்கு அப்புறம் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பூசணம். ஆயா, "சொத்தையைப் பொறுக்கிட்டு எண்ணெய் ஆட்டிக்கலாம்டி" என்றார்கள்.

அதுதான் ஆபத்து. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. என்ன நோய் என்றே முதலில் தெரியவில்லை. பிறகு பார்த்தால், தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டு மல்லாட்டைப் புண்ணாக்கில் பூசணம். அது உண்டாக்கும் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நம்ம நாட்டிலும் 1974ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரொம்ப நாள் சாப்பிட்டால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். வறுத்தாலும் அவித்தாலும் இந்த விஷம் முழுசாகப் போகாது. செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் கொஞ்சம் வரும், மீதி புண்ணாக்கில் நிற்கும். அதை மாடு தின்றால் பாலில் வரும். அந்தப் பாலை யார் குடிக்கிறது? வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைதான்.

மல்லாட்டையைக் காதுகிட்ட வைத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரணும். அப்போதுதான் காய்ந்தது என்று அர்த்தம். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்கணும். காற்று போகாத பிளாஸ்டிக் சாக்கைவிடச் சணல் சாக்கு நல்லது.

இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். "அப்ப இத என்னதான் பண்றது?" என்று கேட்டார்கள். மாட்டுக்கும் போடாமல் கோழிக்கும் போடாமல் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். விதையைக் கடன் சொல்லித்தான் வாங்கினோம்.

— 9ஆம் வகுப்பு மாணவி