வறட்சியை வெல்லும் தாவரங்கள்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

நாஞ்சில் நாடு என்றதும் வயலும் குளமும் வாழைத் தோப்பும் நம் நினைவுக்கு வரும். ஆனால் நாகர்கோவிலிலிருந்து கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்துவிட்டால் காட்சியே மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே பொழிந்துவிட்டு, இங்கு வெறுங்காற்றாக வீசுகிறது. உடைமரம், எருக்கு, கள்ளி, பனை ஆகியவையே இம்மண்ணின் செல்வங்கள். என் வீடும் இப்பகுதியில்தான் உள்ளது. இது பாலைவனம் அன்று. எனினும் பாலைவனத் தாவரங்கள் கையாளும் உத்திகள் பலவற்றை இங்கேயே காணலாம்.

இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். ஆனால் நீர் ஆவியாக வெளியேறிவிடும். மூடினால் நீர் தங்கும். உணவு தயாரிக்க வழியிராது. இதுவே வறண்ட நிலத் தாவரத்தின் பெருஞ்சிக்கல்.

இதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொள்கிறது. நெருஞ்சி, மழை பெய்ததும் முளைத்து, பூத்து, விதையை மண்ணில் விட்டு விரைவில் வாழ்வை முடித்துக்கொள்கிறது. உடைமரம் சிற்றிலைகளால் நீரிழப்பைக் குறைத்து, ஆழ வேரூன்றி நிற்கிறது. எருக்கிலையை மெழுகுப் பூச்சு காக்கிறது. சப்பாத்திக்கள்ளியில் நாம் இலை என்று எண்ணுவது உண்மையில் தண்டே. முட்களே அதன் இலைகள். அது அமெரிக்காவிலிருந்து வந்தது; நம் சதுரக்கள்ளியோ வேறு குடும்பம். ஆயினும் ஒரே துன்பம் இரண்டிற்கும் பசுமையான சதைத்தண்டைத் தந்துள்ளது.

சில தாவரங்கள் இரவில் இலைத்துளைகளைத் திறக்கின்றன என்ற பாடம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. தமிழ்வழியில் பயின்று வந்த நான், முதலாண்டுத் தேர்வில் இவ்வினாவைத் தவறாக எழுதி மதிப்பெண் இழந்தேன். படிப்பே நமக்கு ஒத்துவராதோ என்ற கலக்கத்துடன் வீட்டில் சொன்னபோது, பள்ளி வாசலையே மிதிக்காத என் தாயார், "ரணகள்ளி எலை காலத்த புளிக்கும் மக்கா, உச்சைக்குச் சப்புன்னு இருக்கும்" என்றார்.

விடை அதில்தான் இருந்தது! இரவில் ஏற்கும் கரியமில வாயுவை இவை மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. விடியலில் புளிப்பு அதனால்தான். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அவ்வமிலத்திலிருந்து வாயுவை மீட்டு ஒளிச்சேர்க்கை செய்கின்றன, புளிப்பு மறைகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராகத் தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவரும் இதே ரணகள்ளியைச் சுவைத்தே இவ்வுண்மையைக் கண்டார். அவரது குறிப்பு 1815இல் இலண்டன் லின்னேயன் கழக வெளியீட்டில் அச்சாயிற்று.

விடியலிலும் மாலையிலும் பறித்த இலைகளைச் சம எடையில் அரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம் பார்த்தேன். விடியற்சாற்றுக்கே காரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. முடிவை அம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கா மக்கா காலேசுக்குப் போணும்?" என்று சிரித்தார்.

"ஏன் புளிக்குதுன்னு தெரியணும்லா, அம்மா" என்றேன்.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வேலியோரச் செடிகளை ஒருமுறை உற்று நோக்குங்கள். அவற்றோடு வாழ்ந்த பெரியவர்களையும் கேளுங்கள்.