ஆட்டக்காரரை அளக்கும் கோல்

அரக்கோணம் சந்திப்பில் நாள்தோறும் பல இரயில் வண்டிகள் வந்து நிற்கின்றன. திருத்தணியிலிருந்து புறப்பட்ட வண்டி ஏறத்தாழ 13 கிலோமீட்டர் கடந்து உரிய நேரத்தில் வந்து சேர்கின்றது. மும்பையிலிருந்து வரும் வண்டியோ ஆயிரங் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மலைச்சரிவுகளையும் ஆறுகளையும் கடந்து, ஒருகால் சிறிது காலந்தாழ்த்து வருகின்றது. நிலையத்துக் கடிகாரத்தை மட்டும் நோக்குவார் முன்னதே சிறந்தது என்பர். கடந்த தொலைவையும் எண்ணுவார் அவ்வாறு விரைந்து கூறார். ஆட்டக்காரர் ஒருவரின் அருஞ்செயல்களை மதிப்பிடுவதற்கும் இவ்விரு நோக்கும் வேண்டும்.

ஆட்டங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. நம் நாட்டுத் தாயமும் சொக்கட்டானும், மேனாட்டார் ஆடும் பேக்கமனும், காய் நகர்த்தும் அறிவோடு கவற்றின் வீழ்ச்சியையும் சார்ந்தவை. அவற்றில் கைதேர்ந்தவரும் ஒருநாள் தோற்பர். புதிதாய்க் கற்றவரும் ஒருநாள் வெல்வர். ஆதலின், பல ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தே ஒருவரது திறத்தைத் துணிதல் வேண்டும். சதுரங்கத்திலோ கவறு இல்லை. தோல்வியைக் கவற்றின்மேல் ஏற்றிச் சொல்லவும் இடமில்லை. அங்ஙனமாயின், சதுரங்க வீரரை அவர் பெற்ற இடத்தைக் கொண்டே அளந்துவிடலாமோ? மானுவேல் ஆரன் என்பாரின் வரலாறு இவ்வினாவிற்கு நல்ல விடை தருகின்றது.

ஆரன் 1935-ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்து, தமிழகத்தில் வளர்ந்தவர். 1959-க்கும் 1981-க்கும் இடையே இந்தியத் தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். மங்கோலிய நாட்டு மோமோவையும் ஆஸ்திரேலிய நாட்டுப் பர்டியையும் மண்டலப் போட்டிகளில் வென்று, 1961-இல் ‘அனைத்துலக மாஸ்டர்’ என்னும் பட்டம் எய்தினார். இந்தியருள் அப்பட்டத்தை முதன்முதற் பெற்றவர் அவரே. உலக வாகையரை எதிர்த்து ஆடுதற்குரியாரைத் தெரிந்தெடுக்கும் பெரும் போட்டியில் கலந்துகொள்ளும் உரிமையும் அவ்வெற்றியால் அவருக்குக் கிட்டியது.

அப்போட்டி 1962-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் நடைபெற்றது. ஆடியோர் 23 பேர். அமெரிக்க நாட்டுப் பாபி பிஷர் முதலிடம் பெற்றார். ஆரன் பெற்றதோ இறுதி இடம். பட்டியலை மட்டும் படிப்பார் இத்துடன் ஏட்டை மூடிவிடுவர். ஆயின், ஆட்டங்களை ஒவ்வொன்றாய் நோக்குவார் வேறொன்றும் காண்பர். ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மன் என்னும் கிராண்டுமாஸ்டர் இருவரை அவர் அப்போட்டியிலேயே வென்றிருந்தார்.

அவர் எந்நிலையிலிருந்து அங்குச் சென்றார் என்பதும் எண்ணத்தக்கது. அந்நாளில் இந்தியாவில் கிராண்டுமாஸ்டர் ஒருவரேனும் இலர். நம் நாட்டில் பலர் பழைய முறையிலேயே ஆடிவந்தனர். அம்முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அனைத்துலக முறையிலோ இரண்டு கட்டமும் செல்லலாம். சிறிதெனத் தோன்றும் இவ்வேறுபாடு ஆட்டத்தின் தொடக்கத்தையே மாற்றிவிடும். ஐரோப்பிய வீரர்க்கு வலிமை மிக்க எதிரிகள் அண்மையிலேயே இருந்தனர். ஆரனுக்கோ அத்தகையோரைக் காண்பதற்கே கடல் கடத்தல் வேண்டியிருந்தது.

இனி, அவருக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் காண்போம். சதுரங்கத்திற்காக அர்ச்சுனா விருதினை முதலிற் பெற்றவர் அவரே. அவரையடுத்து அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்ற இந்தியர் தமிழகத்து இரவிக்குமார். அவர் அதனைப் பெற்றது 1978-இல். இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள்! 1972-இல் சென்னைச் சோவியத்துப் பண்பாட்டு நிலையத்தில் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவுவதில் ஆரன் முன்னின்றார். அக்கழகத்தில் ஆடிப் பழகிய சிறுவருள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். அவர் 1988-இல் இந்தியாவின் முதற் கிராண்டுமாஸ்டராகவும், 2000-இல் உலக வாகையராகவும் உயர்ந்தார்.

ஆட்ட வலிமையில் ஆனந்த் ஆரனினும் மிகப் பெரியவர். இதனை மறுப்பார் இலர். ஆயின், போடப்பட்ட பாதையில் விரைந்து செல்வது ஒரு திறம். பாதை இல்லாதவிடத்து முதலடி வைப்பது வேறொரு திறம். ஒன்றை அளக்கும் கோலால் மற்றொன்றை அளத்தல் பொருந்தாது.

எனவே, ஒருவரை மதிப்பிடப் புகுவார் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவர் எவரோடு ஆடினார்? எந்நிலையிலிருந்து ஆடினார்? எத்துணைக் காலம் தளராது நின்றார்? பின்வருவார்க்கு எதனை விட்டுச் சென்றார்? இவற்றுக்கு விடை கண்டபின் கூறும் தீர்ப்பே நடுவுநிலைமை உடையதாகும். ஸ்டாக்ஹோமில் ஆரன் பெற்ற இறுதி இடத்தை மறைத்து அவரைப் புகழ்வது பொய்ம்மை. அதனை மட்டும் எடுத்துரைத்து இகழ்வதும் பொய்ம்மையே. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவாரே அவரது உண்மைப் பெருமையைக் காண்பர்.

வகுப்பில் உடன் பயிலும் தோழர் ஒருவர் பெற்ற மதிப்பெண்ணைக் கண்டு அவரை எடைபோடுமுன், மாணவர் இந்நான்கு வினாக்களையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.