ஊமை விமானமும் முள்ளில்லா முகப்பும்



கணிப்பொறியில் விமானம் ஓட்டிப் பழகும் ப்ளைட் சிமுலேட்டரில், வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த விமானம் ஊமையாய் நிற்பதுண்டு. கருவிகள் இருக்கவேண்டிய இடம் கரும் பொத்தலாய்க் கிடப்பதுமுண்டு. பழுது பெரும்பாலும் கணிப்பொறியில் இல்லை, முகவரியில் இருக்கிறது.

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் நான் கண்ட வீடுகளில் பழைய கணிப்பொறிகளே மிகுதி. 2006இல் வெளிவந்த ப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்தான் அவற்றில் ஓடுகிறது. திருவனந்தபுரத்தில் 14ஆம் ஓடுபாதையில் எழும்பிச் சற்று இடப்புறம் திரும்பினால், நம் ஊர்களின்மேல் பறக்கலாம். ஓசையில்லாமல் பறப்பதில் என்ன சுவை? உயரமானி இல்லாமல் 1868 மீட்டர் அகத்தியமலைப் பக்கம் போவதோ வம்பு.

பாறசாலையில் என் அத்தை மகன் பழைய போயிங் 737-200 ஒன்றைச் சேர்த்தான். படம் அழகு, ஓசை இல்லை. முதலில், சிமுலேட்டருடன் கூடவே வந்த விமானம் ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். அது முழங்கிற்று, ஆகவே ஒலிபெருக்கி குற்றமற்றது. பின்னர் புதியதன் ‘சவுண்ட்’ கோப்புறையைத் திறந்தோம். ஒலிக்கோப்பு ஒன்றுகூட இல்லை, சவுண்ட்.சிஎப்ஜி என்ற சிறு கோப்பு மட்டுமே. அதில் ‘அலயாஸ்’ என்ற சொல்லுக்கு நேரே 737-400இன் ஒலியிடம் காட்டியிருந்தது. ‘என் குரல் அந்த வீட்டில் இருக்கிறது, வாங்கிக்கொள்’ என்பது பொருள். 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் 737-400 உண்டு. எக்ஸ் பதிப்பில் அதனிடத்தில் 737-800 வந்துவிட்டது. 1956இல் எல்லை வகுத்தபோது நம் வீடுகள் நிற்க, முகவரி மாறிற்று. இங்கோ முகவரி நிற்க, வீடு போயிற்று! அந்த வரியில் 737-800இன் கோப்புறைப் பெயரை எழுதிச் சேமித்தோம். விமானம் பேசிற்று.

கருவிகளுக்குப் பேனல்.சிஎப்ஜி கோப்பைப் பாருங்கள். ‘காஜ்’ என்று தொடங்கும் வரிகளில், ஆச்சரியக்குறிக்கு முன்னுள்ளது கோப்பின் பெயர். அது ‘காஜஸ்’ கோப்புறையிலோ, அவ்விமானத்தின் பேனல் கோப்புறையிலோ இருக்கவேண்டும். இல்லாததை மட்டும் கொண்டுவந்து வையுங்கள். அதே பெயரில் முன்பே ஒன்று இருந்தால் அதன்மேல் எழுதிவிடாதீர்கள். நன்றாயிருந்த மற்ற விமானங்களும் குருடாகும்.

கோப்பு இருந்தும் முள் தெரியாவிட்டால், முதன்முறை ‘இதை நம்பலாமா?’ என்று சிமுலேட்டர் கேட்டபோது யாரோ ‘இல்லை’ என்றிருக்கலாம். எப்எஸ்எக்ஸ்.சிஎப்ஜியில் ‘டிரஸ்டட்’ பகுதியில் அக்கருவியின் வரியை நீக்கினால் மறுபடி கேட்கும். திருத்துமுன் எக்கோப்புக்கும் ஒரு நகல் எடுத்துவைப்பது நலம்.

பழைய 32 பிட் ‘காவ்’ கருவிகள் 2020ஆம் ஆண்டுச் சிமுலேட்டரில் எந்த வைத்தியத்துக்கும் இயங்கா. அது 64 பிட்; அங்கே முகவரி தேடி இரவைக் கழிக்கவேண்டாம்.