உழவர் சந்தை

மாந்தர்க்கு இன்றியமையாத பொருள்களுள் முதன்மையானது உணவு. அதனை விளைவிப்பவன் உழவன், உண்பவர் ஊரார். இவ்விருவரும் நேரே கண்டு, கொடுத்தும் கொண்டும் வாழ்வதற்கு இடமாக அமைந்தது சந்தை. பண்டை மதுரையில் பகலில் கூடிய நாளங்காடியும் மாலையில் கூடிய அல்லங்காடியும் இருந்த செய்தியை மதுரைக்காஞ்சி என்னும் சங்க நூல் கூறும். சிற்றூர்களில் வாரம் ஒருமுறை கூடும் சந்தைகள் இன்றும் அவ்வழக்கத்தை நினைவூட்டுகின்றன.

நகரங்கள் பெருகப் பெருக, உழவனுக்கும் உண்பவருக்கும் இடையே தொலைவு மிகுந்தது. தொலைவு மிகவே, இடைநின்று வாணிகம் செய்வோரும் மிகுந்தனர். தரகர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் எனப் பலர் கை மாறிய பின்னரே ஒரு காய் அடுக்களையை அடைந்தது. வண்டி வாடகையும் சுமைகூலியும் ஊதியமும் அதன் விலையோடு சேர்ந்தன. வணிகரும் உழைப்பவரே, அவர் பணி வேண்டாதது அன்று. ஆனால், நெல்லைக் குதிரில் சேர்த்து வைப்பதுபோலக் காய்கறியைச் சேர்த்து வைத்து, நல்ல விலை வரும்வரை காத்திருக்க உழவனால் இயலுமா? காலையில் பறித்த கீரை மாலையில் வாடும். பழுத்த தக்காளி சில நாளில் அழுகும். கொண்டுவந்த கூடையைத் திரும்பச் சுமந்து செல்ல அஞ்சி, பிறர் சொன்ன விலைக்கே அவன் விற்க நேர்ந்தது. விளைத்தவனுக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. வாங்குபவருக்கு விலை குறையும் நன்மையும் இல்லை.

இக்குறையை நீக்கப் பஞ்சாபில் 1987ஆம் ஆண்டு 'அப்னி மண்டி' என்னும் சந்தை தோன்றியது. 'நம் சந்தை' என்பது அதன் பொருள். ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள், தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை மதுரை அண்ணா நகரில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். இன்று அத்தகைய சந்தைகள் தமிழகத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டு உள்ளன.

இச்சந்தையின் ஒழுங்குமுறை எளியது. விற்பவர் உண்மையில் உழவரே என்பதை அலுவலர் ஆராய்ந்து, நிழற்படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்குவர். அவ்வட்டை உடையவர்க்குக் கடையும் தராசும் வாடகையின்றிக் கிடைக்கும். நாள்தோறும் காலையில், அண்மையிலுள்ள மொத்தச் சந்தையின் விலையையும் வெளிக்கடை விலையையும் அறிந்து அன்றைய விலையை அறுதியிடுவர். அவ்விலை எல்லாரும் காணும்படி பலகையில் எழுதப்படும்.

மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதியாகவும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் விற்பதே நோக்கம். ஒரு கிலோ கத்தரிக்காய் மொத்தச் சந்தையில் 20 ரூபாய்க்கும், கடைத்தெருவில் 28 ரூபாய்க்கும் விற்கிறது எனக் கொண்டால், உழவர் சந்தையில் அதன் விலை 24 ரூபாய் அளவில் அமையும். உழவனுக்கு 4 ரூபாய் கூடுகிறது. வாங்குபவருக்கும் 4 ரூபாய் குறைகிறது. ஒருவர் இழந்து மற்றவர் பெறும் பேறு அன்று இது. இருவரும் ஒருங்கே பெறும் பேறு.

பொருளால் வரும் பயனோடு அறிவால் வரும் பயனும் இங்கு உண்டு. "அம்மா, இந்தக் கீரை விடியலில் பறித்தது, இன்றே சமைத்துவிடுங்கள்" என்று விற்பவள் சொல்கிறாள். வாங்குபவள், எம்மாதத்தில் எக்காய் விளையும், எது பிஞ்சு, எது முற்றல் என்பனவற்றைக் கேட்டு அறிகிறாள். மழை பொய்த்தால் விலை ஏறுவது ஏன் என்பதும் அவளுக்கு விளங்குகிறது.

ஆயினும், சந்தை ஒன்றே எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடாது. மிகுதியாக விளைந்த தக்காளி முழுவதையும் ஒரு சிறு கடையில் விற்றுவிட இயலாது. அதற்குப் பெருஞ்சந்தையும் சேமிப்புக் கிடங்கும் வேண்டும். உழவர் போர்வையில் வணிகர் புகுந்தால் சந்தையின் பயன் கெடும். 2001ஆம் ஆண்டிற்குப் பின்னர்ச் சில சந்தைகள் போற்றுவாரின்றிப் பொலிவிழந்தன. 2006ஆம் ஆண்டிற்குப் பின்னர் மீண்டும் உயிர் பெற்றன. கட்டடம் எழுப்புவதால் மட்டும் சந்தை வாழ்வதில்லை. காப்போரும் நாடி வருவோரும் இருந்தால்தான் வாழும் என்பதற்கு இது சான்று.

ஊரை அடுத்த தோட்டத்தில் காய்கறி பயிரிடுபவன், தன் உழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்கும்வரை அந்நிலத்தை விடான். விலை கிடையாதபோது, அவன் தோட்டம் வீட்டுமனையாக மாறும். ஒருமுறை மனையான நிலம் மீண்டும் விளைநிலமாதல் அரிது. அதன்பின் அவ்வூரார், நெடுந்தொலைவிலிருந்து வரும் வண்டிகளையே எதிர்நோக்கி இருத்தல் வேண்டும். மழையாலோ வெள்ளத்தாலோ வழி தடைப்படும் நாளில் அவர் நிலை என்னாகும்? ஆதலின், அதிகாலையில் பையுடன் உழவர் சந்தைக்குச் செல்பவர் காய்கறியை மட்டும் வாங்கி வருவதில்லை. தம் ஊரின் அருகே ஒரு வயல் பசுமையாக நிலைத்திருக்கவும் துணை செய்கின்றனர்.