விசையை அழுத்திய விரலோடு முடிந்துவிடுமா?

கேள்வி: உடதலவின்னையில் 2001 இல் பத்து இளைஞர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கில் இராணுவத்தினர் ஐவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பலர் இன்னும் நீதி கிடைக்கவில்லை என்றே சொல்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகும் அப்படிச் சொல்வது சரியா? இனி ஓர் ஊருக்கு இப்படி நேர்ந்தால் அந்த ஊரவர்கள் என்ன செய்யலாம்?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: சரிதான். அப்படிச் சொல்வது நீதிமன்றத்தை அவமதிப்பதாகவும் ஆகாது. 2001 டிசம்பர் 5, பொதுத் தேர்தல் நாள். மடவளையை அடுத்த உடதலவின்னையில் முஸ்லிம் இளைஞர் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ட்ரயல் அட் பார் முறையில், அதாவது நீதிபதிகள் மூவர் சேர்ந்து, விசாரித்த மேல் நீதிமன்றம் 2006 இல் இராணுவத்தினர் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்டிருந்த முன்னாள் பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அநுருத்த ரத்வத்தையை விடுதலை செய்தது. சான்றை எடைபோட்டு நீதிமன்றம் விடுவித்த ஒருவரை இன்று குற்றவாளி என்று பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் மனதில் இருப்பது சுட்டது யார் என்ற கேள்வி மட்டுமல்ல. அரச சம்பளம் வாங்கும் படைவீரர்கள் வாக்களிப்பு நாளன்று ஊர்ப் பிள்ளைகளைச் சுடும் நிலை எப்படி வந்தது, தடுக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் அவர்கள் கேட்கிறார்கள். கொலை வழக்கு இதற்குப் பதில் சொல்வதற்காக ஏற்பட்டதல்ல. நிறுத்தப்பட்ட ஒவ்வொருவர் மீதும் குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட்டதா என்பதோடு அதன் வேலை முடிகிறது, முடியவும் வேண்டும். அந்த ஒரே வழக்கின் தலையில் முழு நீதியையும் ஏற்றிவைப்பதுதான் நாம் செய்யும் பிழை. தடுக்க வேண்டியவர்களைப் பற்றிய அந்த இரண்டாவது கேள்வியை வேறு மன்றத்தில், அதுவும் முதல் சில வாரங்களுக்குள் எழுப்ப வேண்டும்.

அப்படி எழுப்பியதற்குக் கண்டிச் சீமையிலேயே பழைய உதாரணம் உண்டு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். எழுந்த எதிர்ப்பின் விளைவாக அரசு விசாரணை ஆணைக்குழு அமைக்க வேண்டியதாயிற்று. கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரான கொல்வின் ஆர். டி சில்வா, சுட்ட பொலிஸ்காரரோடு நிற்காமல் தோட்ட நிர்வாகத்துக்கும் பொலிஸுக்கும் இருந்த கூட்டையே விசாரணைக்கு இழுத்தார். வேலைநிறுத்தக்காரர்கள் மீதான வழக்குகளைத் தள்ளிவைப்பது பற்றி உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ்மா அதிபருக்கும் மூண்ட தகராறில் ஆளுநர் கால்டெகொட் பொலிஸ்மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகினார்கள். பெரிய பலம் எதுவும் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள், லயத்தில் வாழ்ந்த ஒரு விதவையின் வழக்கை, நாட்டின் ஆட்சிப் பிரச்சினையாக்கிக் காட்டினார்கள்.

இன்று அந்த மன்றம் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அடிப்படை உரிமை மனு. நமது அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை என்று தனியாக எழுதப்படவில்லையே என்று கேட்பார்கள். எழுதப்படாவிட்டாலும் அது உட்பொதிந்திருக்கிறது என்றும், தடுப்புக்காவலில் இறந்தவரின் மனைவி மனுச் செய்யலாம் என்றும் சிறியாணி சில்வா வழக்கில் 2003 இல் தீர்ப்பாயிற்று. உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. குண்டு வைக்காத, ஆனால் தடுக்கத் தவறிய முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தும்படி 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் பணித்தது. பணம் உயிருக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனால் மேலிடத்தில் இருந்தவரின் பொறுப்பு, பெயர் சொல்லி, நாட்டின் அதியுயர் மன்றத்தால் பதிவு செய்யப்படுகிறது. கொலை வழக்கில் அது அநேகமாகக் கைக்கு எட்டாத ஒன்று. பாதாள உலகக் கும்பல் சுட்டால் இந்த வழி நேராகத் திறக்காது, அரச அதிகாரியின் செயலையோ தவறையோ காட்ட வேண்டும்.

இங்கேதான் காலம் குறுக்கே நிற்கிறது. மனுவுக்குச் சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம்; நாற்பதாம் நாள் கத்தம் வருமுன்பே அது கடந்துவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது, விசாரணை நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும்.

தடயத்துக்கும் அதே அவசரம். வெற்றுத் தோட்டாவின் அடியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஊசி குத்திய சிறு குழி தெரியும். எந்தத் துவக்கிலிருந்து வந்தது என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஒப்பிட்டுச் சொல்ல அந்தக் குழி உதவுகிறது. ஊர்ப் பையன்கள் அதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுவிட்டால் அது சான்றாக நிற்பது கடினம். அரச துவக்கென்றால் அதற்கு இலக்கம் உண்டு, யாரிடம் எப்போது கொடுத்தது, எத்தனை ரவை போய் எத்தனை திரும்பியது என்று பதிவேடும் உண்டு. ஆனால் அந்தப் பதிவேடு இருப்பதோ விசாரிக்கப்பட வேண்டியவர்களின் அலுமாரியில். பாதிக்கப்பட்டவர்களின் சட்டத்தரணி முதல் நாளே நீதவானிடம் அதைப் பாரமெடுக்கும்படி கேட்க வேண்டும். 2022 ஏப்ரல் 19 இல் ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டுத் திரண்டவர்கள் மீது பொலிஸார் சுட்டு ஒருவர் இறந்தபோது, கேகாலை நீதவானின் உத்தரவின் பேரில் அந்த மாதம் முடியுமுன்பே சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் கைதானார். நாடே பார்த்துக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

2018 இல் திகனை எரிந்ததைக் கண்டவர்கள், இதையெல்லாம் கிளறினால் இன்னொரு கலவரம் வரும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உடதலவின்னையில் விழுந்தவை தேர்தல் வன்முறையின் பலிகள். அதை இனப் பகையாகப் பேசாமல் வாக்காளரின் உயிர்ப் பிரச்சினையாகப் பேசினால், முல்லோயாவில் கோவிந்தனின் மனைவிக்குக் கொல்வின் வந்து நின்றதுபோல் சிங்கள நண்பர்களும் வந்து நிற்க இடமிருக்கிறது. சாட்சிகளுக்கு மிரட்டல் வந்தால், 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம். வாயால் சொல்லாமல் எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றைச் சட்டத்தரணியிடம் கொடுத்து வையுங்கள்.